நிலவியல் மாணவர்கள் ஊராருக்காகவும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சியில் நிலவியல் முதுகலை பயிலும் மாணவி. எங்கள் துறையில் சேருபவர்கள் சுத்தியலும் குறிப்பேடுமாகக் களப்பணிக்குச் செல்லும் இடங்களில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் முக்கியமானவை. வெளிமாநில மாணவர்களும் இங்கே வந்து பாறைகளை அளந்து, படம் வரைந்து, அறிக்கை எழுதிவிட்டுச் செல்கிறார்கள். ஆனால் அந்த அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் துறை அலமாரிகளில் அடுக்கப்படுகின்றன. அந்தப் பாறைமேல் குடியிருப்பவர்களுக்கு அவற்றில் ஒரு வரிகூட வந்து சேர்வதில்லை. இந்நிலையை மாணவர்களாகிய நாங்களே, பட்டம் பெறும்வரை காத்திராமல், மாற்றத் தொடங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அவை கடற்படிவுகளில் அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிக் கனிமங்கள் திரண்டு உருவானவை என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். வதந்தி ஊர் ஊராகப் போனது. விளக்கமோ பலருக்குப் போய்ச் சேரவில்லை. அம்மோனைட் என்பது நத்தையைப் போல் சுருண்ட ஓடும், கணவாய்க்கு நெருங்கிய உறவும் கொண்ட கடல் உயிரினம். அது இறந்து சேற்றில் புதையும்போது, அதன் உடல் அழுகுவதால் சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறுகிறது. அதனால் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் பிற கனிமங்களும் அந்த ஓட்டை மையமாக வைத்துப் படிந்து இறுகுகின்றன. பல திசைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படிவதால் கல் உருண்டையாகிறது. இத்தகைய கல் ஒன்றை உடைத்துப் பார்த்தால் சிலவற்றில் நடுவே வரிவரியாகச் சுருண்ட ஓட்டின் அச்சு தெரியும். முட்டையாக இருந்தால் வெளியே சில மில்லிமீட்டர் தடிமனில் ஓடு தனியாகத் தெரிய வேண்டும்; நுண்ணோக்கியில் அந்த ஓட்டின் மூச்சுத் துளைகளும் தென்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டைனோசர்கள் நிலத்தில் முட்டையிட்டவை. கடலடிச் சேற்றில் முட்டைகள் குவியலாகக் கிடைப்பது எப்படி என்று கேட்டிருந்தாலே பாதி வதந்தி அடங்கியிருக்கும்.

வியப்பு என்னவென்றால், உண்மையான டைனோசர் இதே வட்டாரத்தில் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் ஆற்றுப் படிவுகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புகளைக் கொண்டு, 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் என்ற பேருருவ டைனோசர் விவரிக்கப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். வெளியே எடுத்த எலும்புகள் உதிர்ந்து சிதைந்துவிட்டதால், வெறும் கோட்டுப்படங்களை மட்டும் பார்த்த சிலர் அது கல்லாகிப் போன மரமாக இருக்கலாம் என்றுகூட ஐயுற்றார்கள். அகழ்ந்தபோது எடுத்த புகைப்படங்கள் 2022இல் வெளியான பிறகே அந்த ஐயம் பெருமளவு தணிந்தது. உலக அறிஞர்கள் இத்தனை ஆண்டுகள் விவாதித்த ஒரு விலங்கின் பெயரை நான் பேசப் போன பள்ளிகளில் எந்தக் குழந்தையும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இவ்வாண்டு முதல், படிக்கும் பாறைகளைப் பற்றி எளிய தமிழில் குறிப்புகள் எழுதி இப்பகுதிப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பேசி வருகிறேன். காரைப் பகுதியின் களிமண் பள்ளங்களில் வெடிப்புகளுக்கிடையே கண்ணாடித் தகடு போல் மின்னும் ஜிப்சம் என்ற கனிமத்தைக் காட்டி, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று சொன்னபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கடல் இங்க இருந்துச்சுன்னா ஏன் போச்சு? மறுபடி வருமா?" என்று கேட்டார். எந்தத் தேர்விலும் எனக்கு இப்படி நேரடியான கேள்வி வந்ததில்லை. தென் கண்டங்கள் ஒன்றாயிருந்த பெருநிலத்திலிருந்து இந்தியா பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தாழ்ந்தது; உலகம் முழுவதும் கடல்மட்டமும் உயர்ந்திருந்தது; ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நீர் உள்ளே ஏறி, முன்னும் பின்னுமாகப் பலமுறை நகர்ந்து, டைனோசர்கள் அழிந்த காலத்தையும் சற்றே தாண்டிய பிறகு விலகியது. இதை அவருக்கு விளங்கும்படி சொல்ல முயன்றபோதுதான் பாடமும் எனக்குத் தெளிந்தது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுரங்கச் சுவர்களில் கை அகலச் சிப்பிகள் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களுக்குப் போகும் சிமெண்டில் ஒரு பங்கு, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சிப்பிப் படுகையிலிருந்து வருகிறது என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள், அந்தச் சுரங்கச் சுவரைத் தொட்டுப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அரைகுறையாகப் படித்த மாணவர் எழுதினால் தவறுகள் பரவாதா என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அச்சேறும் முன் துறை ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்ப்பது கட்டாயமாக இருக்கட்டும். ஆனால் முழுதும் கற்றவர்கள் எழுதும் வரை காத்திருந்ததன் பலனைக் குன்னத்தில் பார்த்துவிட்டோம். இப்பகுதித் தொல்லுயிர்களைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா 1860களிலேயே தொகுதி தொகுதியாக எழுதத் தொடங்கிவிட்டார். அறிவு இல்லாமல் நாம் தவிக்கவில்லை. அதைக் கொண்டுசேர்க்கும் ஆட்கள்தான் இல்லை.

மற்றொரு கவலைக்கு என்னிடம் இவ்வளவு எளிதான விடையில்லை. ஓரிடத்தில் அம்மோனைட் கிடைக்கிறது என்று ஊர் பெயருடன் எழுதினால், அடுத்த வாரமே பொறுக்கிச் செல்பவர்கள் வந்து நிற்கிறார்கள். ஆகவே சாத்தனூர் கல்மரம் போலப் பாதுகாக்கப்பட்ட இடங்களையும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டவற்றையும் பற்றி விரிவாக எழுதலாம். பாதுகாப்பில்லாத இடங்களைப் பொதுவாகக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

தங்கள் நாளிதழிடம் இரண்டு வேண்டுகோள்கள். விந்தையான கல் கிடைத்ததாகச் செய்தி வந்தால், வெளியிடுவதற்கு முன் அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையைத் தொலைபேசியில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். மாவட்டப் பக்கங்களில் மாதம் ஒருமுறையாவது அந்தந்த மாவட்டத்தின் பாறை, மண், நிலத்தடி நீர் பற்றி மாணவர்கள் எழுத இடம் கொடுங்கள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அங்கே நீர் தேங்குவது பாறை வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே என்று தெரியாமல் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடும் விவசாயிக்கு, டைனோசரைவிட அந்தப் பக்கம் உதவும். முதல் மாதத்துக்கான கட்டுரையை ஆசிரியரிடம் சரிபார்த்து அனுப்ப நானும் என் வகுப்புத் தோழர்களும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நிலவியல் முதுகலை மாணவி,
திருச்சிராப்பள்ளி