மழைநீருக்குத் தனிக் கட்டணம் போடுங்கள், கணக்கையும் காட்டுங்கள்

சென்னை மாநகராட்சி மேயர், ஆணையர், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கட்டணம் போடுங்கள் என்று யாரும் உங்களுக்கு மடல் எழுதியிருக்க மாட்டார்கள். நான் எழுதுகிறேன்: மழைநீர் வடிகால்களுக்கென்று தனியாக ஒரு கட்டணம் வசூலியுங்கள். 2022-இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியபோது புலம்பியவர்களில் நானும் ஒருவன், அதனால் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

வடிகால் கட்டப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. அடையாறு, கூவம் பகுதிக்கு உலக வங்கி, கொசஸ்தலையாறு பகுதிக்கு 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி ஒப்புக்கொண்ட 25.1 கோடி டாலர் கடன், கோவளம் பக்கம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. என்ற வளர்ச்சி வங்கி. ஆனால் கட்டி முடித்த பிறகு வருஷா வருஷம் தூர் வார, உடைந்த மூடியை மாற்ற, இரவோடு இரவாக வடிகாலில் சொருகிய கழிவுநீர்க் குழாயைத் தேடி அடைக்க, யார் கடன் தருவார்கள்? அது பொது நிதியில் குப்பை, சாலை, சம்பளம், தெருவிளக்கு எல்லாவற்றோடும் முட்டி மோதித்தான் வரவேண்டும். அதனால்தான் மழை நெருங்கும்போது அவசரமாகத் தூர் வாருவது, எடுத்த சேற்றை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவது, முதல் மழையிலேயே அது திரும்பவும் உள்ளே போவது.

சரி, யார் எவ்வளவு கட்டுவது? ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) நிலம் முழுக்க கான்கிரீட் போட்டிருந்தால், 10 செ.மீ. மழைக்கு அங்கிருந்து சுமார் 22,000 லிட்டர் தெருவுக்கு வரும். மண்ணும் மரமும் இருந்தால் அதில் ஒரு பங்கு உள்ளேயே இறங்கும். ஆகவே கூரையும் தளமும் எத்தனை சதுர அடி என்பதுதான் கணக்காக இருக்க வேண்டும். சொத்து வரி கட்டடப் பரப்பைப் பார்க்கிறது; நான்கு மாடிக்கும் கூரை ஒன்றுதான், ஆனால் மால் வாசலில் தார் போட்டுப் பரப்பிய பார்க்கிங்கிலிருந்து ஓடிவரும் தண்ணீர் கொஞ்சமா? அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் முன்பு தண்ணீர் மீட்டரின் அளவை வைத்து இந்தக் கட்டணத்தைப் போட்டார்கள், மீட்டரே இல்லாத வாகன நிறுத்துமிடங்கள் ஒன்றும் கட்டாமல் தப்பித்தன. 2010-லிருந்து வீடல்லாத சொத்துகளுக்கு நிலப்பரப்பையும் நீர் இறங்காத பரப்பையும் அளந்து, நான்கு வருஷத்தில் படிப்படியாக மாற்றினார்கள். பெர்லினிலும் 2000 முதல் மழைநீருக்கு சதுர மீட்டர் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு.

அரசியல் பயம் புரிகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2012-இல் இப்படி ஒரு சட்டம் வந்தபோது "மழைக்கும் வரியா" என்று கேலி செய்தே 2014 தேர்தலில் அதைப் பிரச்சாரமாக்கினார்கள், 2015-இல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இங்கேயும் மீம் போடுவார்கள், போடட்டும். 600 சதுர அடிக்குக் கீழே உள்ள வீடுகளையும் குடிசைகளையும் விட்டுவிடுங்கள். அரசு அலுவலகம், கல்லூரி, ஐ.டி. வளாகம், கல்யாண மண்டபம் எதற்கும் விலக்கு வேண்டாம். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இன்று பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரில் தொங்குகிறது, குழி மண்ணடைத்துக் கிடக்கிறது. குழி வேலை செய்கிறது என்று காட்டினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த ஐப்பசிக்குள் ஊரே மூடியைத் திறந்து சுத்தம் செய்யும். (எங்கள் அடுக்ககச் சங்கத்தில் அதற்கும் இரண்டு கூட்டம் சண்டை நடக்கும், அது வேறு கதை.)

ஆனால் இந்தப் பணம் பொது நிதியில் கலக்கவே கூடாது. தனி வங்கிக் கணக்கு, எந்த வார்டில் எத்தனை மீட்டர் தூர் வாரினீர்கள், சேறு எங்கே போனது, யார் ஒப்பந்ததாரர் என்று மாதா மாதம் வெளியிடுங்கள். நெடுஞ்சாலைத் துறையின் வடிகாலும் நீர்வளத் துறையின் கால்வாயும் எங்கள் பொறுப்பில்லை என்று கைவிரிப்பதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தெருவில் நிற்கிற தண்ணீர் எந்தத் துறையுடையது என்று பார்த்து நாங்கள் பணம் கட்டப் போவதில்லை. முதலில் மாநகராட்சியின் மண்டலங்களில் ஒன்றில் மட்டும் பரப்பை அளந்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வரும் என்று வசூலிக்காமல் ஒரு மாதிரி பில் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மாமன்றத்தில் விவாதம் வையுங்கள், பார்வையாளர் மாடத்தில் இடம் இருந்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
அரையாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரி கட்டும் ஒரு சென்னைவாசி