போர்ச்சை அறையாக்குகிற விஷயம்

குளுகோர், பினாங்கு

அன்புள்ள கதிர்,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை. மாடிப்படி ஏறும்போது கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், வாயால் என்னைத் திட்டுகிறாள். நீ பெர்த்திலிருந்து அனுப்பிய படங்களை ரெண்டு பேரும் பார்த்தோம். உன் நண்பன் கார் கராஜைப் படுக்கையறையாக மாற்றியிருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. வாசலில் கார் நிறுத்துகிற நம் போர்ச்சையும் அப்படி மாற்றினால் அம்மா படி ஏற வேண்டாம் என்கிறாய். எனக்கும் சம்மதம்தான். ஆனால் ரெண்டு வாரத்தில் முடிகிற வேலை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் இடிக்கிறது.

உங்கள் ஊர் கராஜுக்கு மூன்று பக்கமும் சுவர் இருக்கிறது, மேலே வீட்டுக் கூரை இருக்கிறது. ரோலர் கதவைக் கழற்றிவிட்டுச் சுவர் எழுப்பினால் பாதி அறை தயார். அங்கேயும் ஆள் குடியிருக்கும் அறை என்றால் 2.4 மீட்டர் உயரம் வேண்டும், அனுமதி வேண்டும். நம் போர்ச்சில் இருப்பதோ ரெண்டு தூணும் தகரக் கூரையும் ரோட்டுப் பக்கம் சரிந்த தரையும்தான். கார் நிறுத்தலாம், துணி காயப்போடலாம், தைப்பூசத்துக்கு வரும் ஈப்போ சித்தப்பா குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம். அவர்கள் ஒரு ராத்திரி படுத்து எழுந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அம்மா தினமும் படுக்க வேண்டும்.

ஒரு காண்ட்ராக்டரை வரச்சொல்லிக் காட்டினேன். 18,000 மலேசிய வெள்ளி என்றார். "பிளான் எல்லாம் எதுக்கு அங்கிள், இந்த லோரோங் சந்துல யார் பிளான் போட்டுக் கட்டினாங்க" என்றார். அவர் சொல்வது பொய்யில்லை, நம் வரிசையில் பாதி வீட்டுக்கு முன்பக்கம் அடைத்தாகிவிட்டது. ஆனால் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறதே, அதன் 70-ஆவது பிரிவு கட்டுவதற்கு முன்னாலேயே பிளானுக்கு ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. வாங்காமல் கட்டினால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். பக்கத்தில் யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் போதும். அதோடு, ரோட்டிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்டடம் இருக்கலாம் என்று ஒரு கோடு உண்டு. திறந்த போர்ச் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் விட்டுவிடுவார்கள். நாலு சுவர் வைத்த அறையை அப்படி விடுவார்கள் என்று நம்பி இறங்க முடியாது. அதனால் முதலில் பிளான் வரைகிறவரைப் பிடித்து, மாநகர் மன்றத்தில் கேட்டு, அதற்குப் பிறகுதான் செங்கல்.

உயரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1984-இல் வந்த கட்டடத் துணைவிதிகளில் போர்ச்சுக்கும் கராஜுக்கும் 2 மீட்டர் உயரம் போதும். படுக்கையறைக்கு 2.5 மீட்டர் வேண்டும், நம் கணக்கில் எட்டு அடி ரெண்டரை அங்குலம். டேப் வைத்து அளந்தேன். போர்ச் தரையிலிருந்து கூரைச் சட்டம் வரை எட்டு அடி ஏழு அங்குலம் இருக்கிறது. பார்க்கப் போதும் போலத்தான் தெரியும். ஆனால் போர்ச் தரை ஹாலை விட ஆறு அங்குலம் தாழ்வு. தரையைத் தூக்கினால் உயரம் குறைந்துவிடுகிறது, தூக்காவிட்டால் வாசலில் படி நிற்கிறது. முட்டி வலிக்காரிக்கு அறை கட்டி அதன் வாசலில் படி வைப்பதற்கு அவள் மாடியிலேயே படுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 2017 நவம்பர் வெள்ளத்தில் போர்ச்சில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றபோது ஹாலைக் காப்பாற்றியது அந்த ஆறு அங்குலம்தான். ஆகவே தரையைத் தூக்கியே ஆக வேண்டும். கூரையையும் கழற்றி ஒரு அடி ஏற்ற வேண்டும். மாடி ஜன்னலுக்குக் கீழே அதற்கு இடம் இருக்கிறது. எப்படியும் அந்தத் தகரத்தின் கீழ் மத்தியான வெயிலில் மனுஷன் படுக்க முடியாது. நம் வீடு மேற்குப் பார்த்தது என்பது உனக்குத் தெரியும். புதுத் தகரம், அதன் கீழ் அலுமினியத் தாள், சூடு தடுக்கிற ராக்வுல் பஞ்சு, அப்புறம் சீலிங் என்று போட்டால்தான் வெயிலும் மழைச் சத்தமும் கொஞ்சமாவது அடங்கும். வெறும் ஏர்கோனை மாட்டிச் சமாளிக்கலாம் என்றால் கரண்ட் பில்லைக் கட்டுவது யார்?

தரைதான் எனக்குப் பெரிய கவலை. வாசல் ஓரத்தில் வீடும் போர்ச்சும் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு இருக்குமே, இப்போது அதில் 20 சென் காசு நிமிர்ந்தபடி உள்ளே போகிறது. சிமெண்ட் பூசினால் அதே கோட்டில் மறுபடி பிளக்கிறது. வீடு மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல் தூண்கள் மேல் நிற்கிறது, போர்ச் தரை வெறும் மண் மேல் ஊற்றியது. ஒன்று அசையாது, மற்றது இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தரையில் இடிபாட்டைக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டு, செங்கல் சுவரும் எழுப்பினால் பாரத்தில் இன்னும் வேகமாக இறங்கும். கொட்டி நிரப்பலாம் என்பதுதான் அந்த 18,000 வெள்ளிக்காரரின் யோசனை. நான் நினைப்பது, சுவருக்குத் தனி அடித்தளம், கனம் குறைந்த பிளாக், பழைய சுவரோடு இறுக்கிக் கட்டாமல் நடுவே இடைவெளி விட்டு வளைந்துகொடுக்கிற சீலன்ட் பசை. தரைக்கு அடியில் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் தாளும் கரையான் மருந்தும் கட்டாயம். இதை ஒரு இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் எனக்கு நிம்மதி.

முழுப் போர்ச்சையும் அடைக்க வேண்டாம். அடைத்தால் ஹாலுக்கு வெளிச்சம் வருகிற ஒரே வழி போய்விடும், பகலிலும் லைட் போட வேண்டும். காரை ரோட்டில் விட்டால் எதிர்வீட்டு அன்ட்டியோடு தினம் ஒரு பஞ்சாயத்து. இடது பாதியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி எடுத்தால் போதும். 120 சதுர அடிக்கு, தரையில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல் என்கிற விதிப்படி 12 சதுர அடி ஜன்னல் வேண்டும், அதில் பாதியாவது காற்று வரத் திறக்க வேண்டும். மூன்றுக்கு நாலில் ஒரு ஜன்னல் வைத்தால் கணக்கு சரி. நான் இன்னும் பெரிதாகவே வைப்பேன். கிரில்லில் ஒரு பக்கம் உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், சாவி கைக்கெட்டுகிற ஆணியில் தொங்க வேண்டும். தீ விபத்தில் பூட்டிய கிரில்லுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்காத வருஷம் உண்டா? பூந்தொட்டிகளுக்குக் கீழே இருக்கும் மேன்ஹோல் மூடியும் அறைக்கு வெளியே வர வேண்டும். காண்ட்ராக்டர் அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். அடைத்துக்கொண்டால் அவரா வந்து உடைப்பார்?

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு அறையை விடக் கக்கூஸ்தான் முக்கியம். கீழே இருப்பது குந்தி உட்காருகிறது, அதுவும் அடுப்படி தாண்டி. அதை மாற்றி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்து, வழியில் ராத்திரி விளக்கு போட்டால் போதும் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் கக்கூஸ் வேலையை இப்போதே ஆரம்பிக்கிறேன், அதற்குப் பணம் என்னிடமே இருக்கிறது. மாநகர் மன்றம் போர்ச்சுக்கு முடியாது என்று சொன்னால் சாப்பாட்டு மேசை போட்டிருக்கும் இடத்தைத் தடுத்து அறையாக்கலாம். கூரை இருக்கிறது, தரை இருக்கிறது, சுவர் மட்டும் வேண்டும். உண்மையைச் சொன்னால் என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சாப்பிட ஹால் போதும், வீட்டில் இருப்பதே ரெண்டு பேர்.

பணம் இப்போது அனுப்பாதே. பிளான்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கட்டில் கிட்டில் என்று ஆன்லைனில் எதையும் வாங்கி அனுப்பியும் வைக்காதே, உயரம் அம்மா உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எது எப்படியானாலும் போர்ச் அலமாரியைக் காலி செய்ய வேண்டும். உன் எஸ்பிஎம் பரீட்சைப் புத்தகப் பெட்டிகளும் ஹாக்கி மட்டையும் செயின் துருப்பிடித்த சைக்கிளும் அப்படியே கிடக்கின்றன. சைக்கிளைப் பழைய சாமான்காரன் 15 வெள்ளிக்குக் கேட்கிறான். கொடுக்கட்டுமா வேண்டாமா, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்,
அப்பா