நுண்ணோக்கி செய்தவர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நவம்பர் மழையில் ஒரு கூட்டம் நின்றுபோனது. மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்; நான் நேரே இந்த ஆண்டின் பாடத்துக்கு வருகிறேன்.

நுண்ணோக்கி என்றதும் ஹூக், லேவன்ஹூக் என்று அதன் வழியே பார்த்தவர்கள் பெயர்தான் வாயில் வருகிறது. லேவன்ஹூக் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டார். எல்லோராலும் அது முடியுமா? நாட்குறிப்புக்குப் பெயர்பெற்ற ஆங்கிலேய அதிகாரி சாமுவேல் பீப்ஸ், 1664 ஆகஸ்டில் லண்டனில் ரிச்சர்ட் ரீவ் என்ற கருவிக்காரரிடம் ஐந்தரை பவுன் கொடுத்து ஒன்றை வாங்கினார். பெரிய விலை என்று நாட்குறிப்பிலும் எழுதினார்.

எங்களை அதிகம் ஈர்த்தவர் ஜான் கஃப். அவருக்கு முன்பே, 1720களில், எட்மண்ட் கல்பெப்பர் மூன்று கால் நுண்ணோக்கி செய்திருந்தார். அடியில் ஒரு குழியாடி வைத்து, வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அனுப்பினார். அதே அமைப்பில் அட்டைக் குழாயும் மரக் கால்களுமாக நாங்களும் ஒன்று செய்து பார்த்தோம். ஸ்லைடை நகர்த்தக் கையை விட்டால் கால் இடித்தது. குழாயைச் சறுக்கித்தான் தெளிவு பிடிக்க வேண்டும். மயிரிழை தள்ளப் போனால் அரை விரற்கடை போய்விடும். அப்புறம்தான், நுண்ணோக்கியைப் பற்றி நூல் எழுதிய ஹென்றி பேக்கரின் புகார் எங்களுக்கு உறைத்தது. அவர் இதே இடைஞ்சலைக் கஃபிடம் சொல்லியிருக்கிறார். லண்டன் ஃப்ளீட் தெருவில் கடை வைத்திருந்த கஃப், 1744இல் அந்தக் கால்களையே எடுத்துவிட்டார். பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தூண். ஸ்லைடு வைக்கும் தட்டுக்குக் கை தாராளமாகப் போகும். கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்த நீளமான திருகு ஒன்றும் சேர்த்தார். என் மனத்துக்கு அந்தத் திருகுதான் பெரிது.

பிறகு அந்த வடிவத்தைப் பலரும் செய்து விற்றார்கள். கஃபோ 1750இல் திவாலானார். அதை வாசித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

மரக் கால்களைக் கடைந்து கொடுத்த கடைசல் பட்டறை அண்ணன் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தார். "ஒத்தைத் தூண்னா அடி கனமா இருக்கணுமே?" என்று கேட்டார். கஃப் கருவி இழுப்பறை வைத்த மரப்பெட்டியின் மேல் நிற்கும் படத்தைக் காட்டினோம். "சரி, அதைச் செஞ்சிடலாம்" என்றார். இப்போது அவரும் நம் உறுப்பினர். வரும் ஆண்டு கஃப் மாதிரியைச் செய்யப் போகிறோம். பழைய பித்தளைக் கம்பி வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நன்றி.
செயலாளர்