அத்தையைப் பற்றியும் கேளுங்கள்: மகளிர் நல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டு மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் நின்றபின் உடம்பெல்லாம் தகிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று வரும் பெண்ணிடம், "அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்ததா? அக்கா, தங்கைக்கு?" என்று கேட்டு, இல்லை என்றதும் குடும்ப வரலாற்றுக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஹார்மோன் மாத்திரை எழுதும் வழக்கத்தைப் புறநோயாளிப் பிரிவுகளில் பார்க்கிறேன். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இம்மடல்.

பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணுக்களில் பிஆர்சிஏ1 17ஆம் குரோமோசோமிலும், பிஆர்சிஏ2 13ஆம் குரோமோசோமிலும், அதாவது ஆண், பெண் என்ற பாலினத்தைத் தீர்மானிக்காத குரோமோசோம்களில் இருப்பதால், அவற்றிலுள்ள பிழை தாயிடமிருந்து வருவதைப் போலவே தந்தையிடமிருந்தும் மகளுக்குச் சரிபாதி வாய்ப்புடன் வரும் என்பது தாங்கள் அறியாததல்ல. தந்தை நோயின்றி வாழ்ந்திருக்கலாம். அத்தைக்கு நாற்பது வயதில் மார்பகத்திலோ, அப்பாயிக்குச் சினைப்பையிலோ வந்திருக்கும். சம்பந்தம் பேசும் வீடுகளுக்குத் தெரியக் கூடாதென்று அது "வயிற்றில் கட்டி" என்றே சொல்லப்பட்டிருக்கும் என்பதால், ஒவ்வோர் உறவாகச் சொல்லிக் கேட்டாலொழிய வெளிவராது. பரம்பரையாக வருபவை மொத்த மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்றாலும், இப்பிழை உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு.

அந்த மாத்திரையில் உள்ள பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், மார்பகத்தின் பால்நாளச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. டிஎன்ஏவில் நேரும் முறிவுகளைச் செப்பனிடுவதில் பிஆர்சிஏ புரதங்களுக்குப் பெரும் பங்குண்டு. செப்பனிடும் திறன் குறைந்த உடலா என்று விசாரிக்காமல், பெருக்கத்தைத் தூண்டும் மருந்தை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக ஹார்மோன் என்றாலே அஞ்ச வேண்டும் என்பதல்ல என் வாதம். அமெரிக்காவில் 2002இல் இடைநிறுத்தப்பட்ட பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டின் என்ற மற்றொரு வகை ஹார்மோன் மருந்தும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 38 பேருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. எந்த ஹார்மோன், எத்தனை ஆண்டு என்பதே கேள்வி. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு இரண்டுமே தெரிவதில்லை.

ஆகவே, அந்தக் கட்டத்தைத் தாய் வழி, தந்தை வழி என இரண்டாகப் பிரித்து, நோய் கண்ட வயதையும் குறியுங்கள். ஐயத்துக்கு இடமிருந்தால் மாத்திரை எழுதுமுன் மரபியல் ஆலோசனைக்கு அனுப்புங்கள். எழுதும் சீட்டில் தொடங்கிய நாளோடு, மறுபரிசீலனை செய்யும் நாளையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோயாளிகளுக்குத் துணை செல்லும் தன்னார்வலர் ஒருவர்