இரட்டைக் கழுத்து கிட்டாருக்குப் புது மெருகு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய மின் கிட்டார்களைப் பற்றிய கட்டுரையோடு, அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடம் உள்ள 1960-களைச் சேர்ந்த கிப்ஸன் ஈ.டி.எஸ்.-1275 என்ற இரட்டைக் கழுத்து மின் கிட்டாரின் படத்தைப் பெரிய அளவில் வெளியிட்டமைக்கு நன்றி. மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் கிட்டார் வாசித்தவன் நான். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால், இரண்டு கழுத்துகளும் மேடைப் பகட்டுக்காக வைக்கப்பட்டவை என்றும், நிறம் மங்கியிருப்பதால் புதிதாக மெருகேற்றினால் கருவி இன்னும் சிறக்கும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

முதலில் பகட்டைப் பற்றி. கிப்ஸன் நிறுவனம் 1958-இல் இந்த வகையை அறிமுகப்படுத்தியபோது, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இருந்த தனது தொழிற்சாலையில், கேட்டவர்களுக்கு மட்டும் தனியே செய்து கொடுத்தது. தொடக்கத்தில் உடல் உள்ளீடற்றதாகவும் மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தாலும் இருந்தன. 1962-ஐ ஒட்டி, இரண்டு கூரிய கொம்புகள் கொண்ட திண்மையான மகாகனி உடலுக்கு மாறியது. மேல் கழுத்தில் 12 தந்திகள், கீழ்க் கழுத்தில் 6. பன்னிரண்டு தந்திகளும் இரண்டிரண்டாக ஆறு இணைகள். கனத்த நான்கு இணைகளில் ஒரு தந்திக்கு மற்றது ஒரு ஸ்தாயி மேலாகவும், மெல்லிய இரண்டு இணைகளில் இரண்டும் ஒரே சுருதியிலும் இருக்கும். எவ்வளவு கவனமாகச் சுருதி கூட்டினாலும் இணைகளுக்கிடையே மயிரிழை வேறுபாடு எஞ்சுவதால்தான் அந்த மினுமினுப்பான நாதம் பிறக்கிறது. ஒற்றைத் தந்தியை இழுத்து வளைத்துத் தனி வாசிப்பு வாசிக்க அது ஒத்துவராது. அதற்கு ஆறு தந்திக் கழுத்துதான் வேண்டும். ஒரே பாட்டில் இரண்டும் தேவைப்பட்டால், பாட்டின் நடுவே கருவியை மாற்ற நேரம் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் ராக் குழுவான லெட் செப்பலினின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் இதை வாங்கிய காரணமும் இதுவே. அக்குழுவின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பாடலை அவர் இந்தக் கிட்டாரில்தான் பதிவு செய்தார் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், 1971-இல் வெளியான அந்தப் பதிவில் அவர் பல கிட்டார்களைத் தனித்தனியே வாசித்துச் சேர்த்திருந்தார். புகழ்பெற்ற தனி வாசிப்பும் ஃபெண்டர் டெலிகாஸ்டர் என்ற ஒற்றைக் கழுத்து கிட்டாரில் அமைந்தது. அவ்வளவையும் மேடையில் ஒருவராக வாசிக்க வேண்டி வந்தபோதுதான் இரட்டைக் கழுத்து அவருக்குத் தேவைப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் ஜான் மெக்லாக்லினும் இதே வகைக் கிட்டாரை வாசித்தார். நம் கர்நாடக இசைக் கலைஞர் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்ற அந்த மெக்லாக்லினோடு பின்னர் ‘சக்தி’ குழுவில் இணைந்த வயலின் கலைஞர் எல்.சங்கர், 1980-ஐ ஒட்டித் தமக்கென இரட்டைக் கழுத்து வயலின் ஒன்றைச் செய்வித்துக்கொண்டதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோளில் ஆறு கிலோ அளவுக்குத் தொங்கும் பாரத்தைப் பகட்டுக்காக மட்டும் ஒருவர் இரவெல்லாம் சுமப்பார் என்று தோன்றவில்லை.

இனி மெருகைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அக்காலத்து கிப்ஸன் கிட்டார்களின் மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் எனும் ஒருவகை லாக்கர். அது மெல்லியது, குளிரும் வெப்பமும் மாறி மாறித் தாக்கும்போது மரத்தோடு சேர்ந்து விரியவும் சுருங்கவும் முடியாமல் மயிரிழை போன்ற வெடிப்புகளை விடும். செர்ரிச் சிவப்புச் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும். வெள்ளைக் கிட்டாரானால் மேற்பூச்சு பழுத்து மஞ்சளாகும். தாங்கள் வெளியிட்ட படத்தில் உடலின் முகப்பு ஆரஞ்சு கலந்த சிவப்பாகத் தெரிவது சேதம் அன்று. பிக்கார்டு எனப்படும் கறுப்புத் தகட்டைக் கழற்றினால், அதன் அடியில் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் சிவப்பு அப்படியே இருக்கும். புதுப் பூச்சு அடிக்க முதலில் பழையதைச் சுரண்ட வேண்டும். சுரண்டியதை எவராலும் திரும்ப வைக்க முடியாது. பூச்சு மாற்றிய பழைய கிட்டாரின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது வணிகர்களின் பொதுக் கணக்கு. விலையை விட்டுவிட்டாலும், அந்தக் கிட்டார் தன் காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய சாட்சியம் பூச்சோடு போய்விடும்.

அந்தக் கருவியில் நான் வியந்தவை வேறு. கிப்ஸன் கிட்டாரின் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்தது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைச் சரிசெய்யக் கழுத்தின் முனையில் மரத்தைக் குடைந்திருப்பதால், கீழே விழுந்தால் முதலில் முறிவது அந்த இடமே. ஒரு கழுத்துள்ள கிட்டார்களிலேயே இந்த முறிவு அடிக்கடி நேர்வதாக இருக்க, இரண்டு தலைகளைத் தாங்கும் இத்தனை கனமான கருவியில் இரண்டும் ஒட்டுவேலை இன்றி நிற்பதாகக் கட்டுரையே சொல்கிறது; அதை ஒரு வரியில் கடந்திருக்க வேண்டாம். சுருதி கூட்டும் 18 சாவிகளின் பிளாஸ்டிக் குமிழ்களும் நொறுங்காமல் இருக்கின்றன. அந்தக் குமிழ்கள் காலப்போக்கில் சுருங்கி உதிர்ந்துபோவது பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. தந்திகளின் இழுவிசையைக் கழுத்துகள் இத்தனை ஆண்டுகள் வளையாமல் தாங்கியிருப்பதும், பெட்டியை ஈரப்பதம் அறிந்து காத்தவர்களின் பொறுமையும் பாராட்டுக்குரியவை.

இக்கருவி உண்மையிலேயே மாற்றப்படாததா என்பதை அறிய வழியும் உண்டு. பின்புற மூடியைத் திறந்தால் தெரியும் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ்களின் உலோக உடலில், செய்த நிறுவனத்தின் எண்ணோடு ஆண்டும் வாரமும் பொறிக்கப்பட்டிருக்கும்; பற்றவைப்பில் கை படாமல் இருக்கிறதா என்பதும் பார்த்த உடனே விளங்கிவிடும். கட்டுரையாளருக்கு அந்தச் சேகரிப்பாளருடன் தொடர்பு இருக்குமானால், அந்த உட்புறப் படத்தையும், பிக்கார்டுக்கு அடியில் உள்ள பழைய சிவப்பின் படத்தையும் பெற்று அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்