ஒரே பெயர், இரண்டு கட்டங்களில்

மதிப்புக்குரிய டாக்டருக்கு,

மார்த்தாண்டத்திலிருந்து மருந்துக்கடைக்காரன் எழுதுகிறேன். அந்தப் பதிவேட்டைப் பற்றி எல்லோரும் படிக்கும்படி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கள் அண்ணே, என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். பெயர் மட்டும் வேண்டாம்" என்றீர்கள். போடவில்லை.

போன வாரம் கடையின் மேல்தட்டை ஒழித்தபோது பழைய எச்1 பதிவேடுகள் கைக்கு வந்தன. தூக்க மாத்திரை போன்றவற்றை விற்றால் யார் எழுதிக் கொடுத்தார், யாருக்கு, எத்தனை என்று தனியாகக் குறித்து 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி. கெடு முடிந்ததை எடைக்குப் போட்டுவிடலாம் என்று புரட்டினேன். 2021 ஜூன் மாதப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி. மருத்துவர் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயர். நோயாளி பெயர் என்ற கட்டத்திலும் உங்கள் பெயர். 10 தூக்க மாத்திரை. ஜூலையிலும் அப்படியே. ஆகஸ்டிலும்.

சளி மாத்திரை வாங்க வருகிறவரிடம்கூட எத்தனை நாளாக இருமல் என்று கேட்கிறவன் நான். உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைக் கத்தரித்து, உறையில் போட்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். மனநல மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றி நான் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு தவறு டாக்டர்.

அதற்கு முந்தைய ஆண்டு நீங்கள் பட்டதை அருகிலிருந்து பார்த்தவன் நான். 2020 மார்ச் 24 மாலையோடு மதுக்கடைகள் மூடப்பட்டன. நான்காம் நாள் காலையில் நான் ஷட்டரை முழுவதும் தூக்குவதற்குள் ஒரு பெண் வந்து நின்றார். குடி திடீரென்று நின்றுபோன கணவர் ராத்திரி முழுவதும் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத ஆட்டோவை ஓட்டுகிறார், கியர் மாற்றுகிறார், சுவரில் பாம்பு ஊர்கிறது என்று அலறுகிறார் என்றார். என் போனிலிருந்துதான் உங்களை அழைத்தோம். காய்ச்சல் உண்டா, வலிப்பு வந்ததா, நாள் கிழமை தெரிகிறதா என்று மூன்றே கேள்வி கேட்டுவிட்டு, "மாத்திரை வேண்டாம், உடனே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்" என்றீர்கள். வெறும் நடுக்கத்தோடு இருந்தவர்களுக்குக் அதைத் தணிக்கும் குளோர்டையசிபாக்சைடும், தையமின் என்ற வைட்டமினும் எழுதி, தினமும் இரண்டு வேளை அவர்கள் வீட்டுக்கே போன் செய்தீர்கள். களியக்காவிளை எல்லைக்கு அப்பால், மருத்துவரின் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று கேரள அரசு உத்தரவு போட்டதும், ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் அந்த வாரத்தில்தான். நடுவில் எத்தனை பேர் எங்களுக்கும் அப்படி ஒரு சீட்டு கொடுங்கள் என்று உங்களிடம் சண்டைக்கு வந்தார்கள்!

சோதனைச் சாவடி அடைத்ததும், திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த விளவங்கோட்டுக்காரர்களும் உங்களிடம் வந்து சேர்ந்தார்கள். மனச்சிதைவுக்கான குளோசபைன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளையணுக்களை எண்ணிப் பார்த்தாக வேண்டும், லேப் திறக்கவில்லை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை இருப்பு தீர்ந்து, நாகர்கோவிலில் கடை கடையாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 2011 கணக்கில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் உள்ள மாவட்டம் நம் கன்னியாகுமரி. நாட்டிலோ லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறவில்லை. நீங்கள் படுத்துக்கொண்டால் அந்த வரிசையை யார் பார்ப்பது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நீங்களும் அப்படியே நினைத்துக்கொண்டதுதான் எனக்கு வேதனை.

2017 ஒக்கிப் புயலின்போதும் நீங்கள் ஓயவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை என்று கடப்புறத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள், திரும்பி வராத வள்ளங்களுக்காகக் காத்திருந்த பெண்களோடு மணலில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது சாயங்காலம் வந்து என் கடைத்திண்ணையில் கட்டன் சாயா குடித்தபடி, அன்று கேட்டதையெல்லாம் கொஞ்சமாவது இறக்கிவைப்பீர்கள். அப்போது நீங்கள் கரையில் நின்றவர். கொரோனாவில் நீங்களும் கடலில்தான் இருந்தீர்கள். நோயாளி எதற்குப் பயந்தாரோ அதற்கே நீங்களும் பயந்தீர்கள். உங்கள் அப்பாவை அடக்கம் செய்து ஐந்தாம் நாள், தகப்பனை இழந்த ஒரு பையனுக்குப் போனில் ஆறுதல் சொல்லிக்கொண்டே படியேறி வந்தீர்கள். திண்ணையில் உட்காரவில்லை. முகக்கவசத்தைக் கழற்றாமல் சீட்டை நீட்டினீர்கள். அதுதான் அந்த ஜூன் மாதச் சீட்டு.

ஒருநாள் செல்போனில் ஒரு கேள்வித்தாளைக் காட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மருத்துவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க யாரோ அனுப்பியது. உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்க வேண்டும். வாழ்க்கையை எவ்வளவு ரசிக்கிறீர்கள் என்ற ஐந்தாம் கேள்வியில் உங்கள் விரல் நின்றது. "16-வது தூக்கம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டீர்கள். அன்றாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

என் மகள் மருத்துவம் படிக்கிறாள். உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழியை அவள்தான் எனக்குக் காட்டினாள். 2017-ல் அதைத் திருத்தியபோது, உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிக்க என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்ற வரியைப் புதிதாகச் சேர்த்தார்களாம். 1948-ல் வந்த உறுதிமொழியில் அந்த வரி சேர இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. வாசித்தபோது உங்கள் பெயர் இருந்த அந்த இரண்டு கட்டங்களும்தான் கண்ணில் நின்றன.

நோயாளி பெயர் கட்டத்தில் உங்கள் பெயர் இருப்பதில் ஒரு குறையும் இல்லை டாக்டர். மருத்துவர் பெயர் கட்டத்தில் வேறொருவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எந்த ஓபியில் போய் நான் உட்காருவேன் என்று போன வாரம் கேட்டீர்கள். நியாயம்தான். ஆனால் உங்களோடு படித்தவர் திருநெல்வேலியில் இருக்கிறார் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் வீட்டு வாசலில் வண்டியோடு நிற்கிறேன். ஆரல்வாய்மொழி தாண்டிச் சாயா குடித்துக்கொள்ளலாம். அவரிடம் நேரம் மட்டும் நீங்கள் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடை அண்ணன்