நில அளவை ஆயத்தொலைவுகளுக்குத் தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நில அளவையில் அளவுச் சங்கிலியின் இடத்தை, செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் ரோவர் கருவி பிடித்துவருவது வரவேற்கத்தக்க மாற்றம். கைப்பேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழையோடுதான் இடத்தைக் காட்டும். செயற்கைக்கோள்களின் கடிகாரப் பிழையும் சுற்றுப்பாதைப் பிழையும், வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தைக் கடக்கும்போது சமிக்ஞைக்கு ஏற்படும் தாமதமும் இதற்குக் காரணங்கள். இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த ஆதார நிலையங்கள் அதே செயற்கைக்கோள்களை இடைவிடாது கவனித்து, அந்தந்த நேரத்துப் பிழையைக் கணித்துவிடுகின்றன. அவற்றை வலைப்பின்னலாக இணைத்தால், இடையிலுள்ள எந்த வயலுக்கும் உரிய திருத்தத்தை இணையம் வழியே ரோவருக்கு அனுப்பலாம். அப்போது பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் இத்தகைய நிலையங்களை அமைத்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமாக அளக்கும்போதுதான் நிலமே நகர்வது கணக்கில் வருகிறது. இந்தியக் கண்டத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது; 20 ஆண்டுகளில் அது ஒரு மீட்டர். பக்கத்து வயல்களும் சேர்ந்தே நகர்வதால் வரப்புக்கு வரப்பு உள்ள தூரம் மாறாது. ஆனால் பூமி முழுவதற்கும் பொதுவான அளவீட்டுச் சட்டகத்தில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், அதாவது ஆயத்தொலைவுகள், மாறிவிடும். ஆதார நிலையங்களின் ஆயத்தொலைவுகளை ஒரு குறிப்பிட்ட தேதிக்கு உரியவையாக நிறுத்திவைத்தாலும், அவற்றைப் புதுப்பிக்கும் நாளில் பழைய எண்களும் புதிய எண்களும் ஒத்துப்போகமாட்டா. எந்தச் சட்டகம், எந்தத் தேதி என்ற குறிப்பு இல்லாத புலப்படத்தை (வயலின் அளவை வரைபடத்தை) வைத்துக்கொண்டு பின்னாளில் அளப்பவருக்கு, வரப்பே தள்ளிப் போடப்பட்டதாகத் தோன்றும். ஒரு முழ நிலத்துக்கும் நீதிமன்றம் செல்லும் நம் ஊரில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் ஏறத்தாழ 1,300 நிலையங்கள் கொண்ட ஜியோநெட் வலைப்பின்னல் உள்ளது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓஷிகா நிலையம் 5 மீட்டருக்கும் மேல் இடம்பெயர்ந்ததை அது உடனே காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் திருத்திய ஆயத்தொலைவுகளை அந்நாட்டு அரசு வெளியிட்டது; பழைய எண்களைப் புதியவையாக மாற்றும் வழியையும் தந்தது. நிலையங்களின் தரவு அங்கே பொதுமக்களுக்கும் கிடைக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே செல்வதால், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் இங்கே பெரிதும் குழம்பும்; அளவில் பிழையும் கூடும். ஆகவே அளந்த நேரத்தையும் பதிவுசெய்வது அவசியம்.

புலப்படங்களில் ஆயத்தொலைவு எழுதும் இடமெல்லாம் சட்டகம், தேதி, நேரம், மதிப்பிட்ட பிழை ஆகியவற்றையும் எழுதுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஆதார நிலையத் தரவை இந்திய நிறுவனங்களுக்குத் தடையின்றி வழங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அத்தரவைப் பல பத்தாண்டுகளுக்குப் பாதுகாத்து, எளிய விவசாயியின் சார்பில் அளப்பவரும் சரிபார்க்கும்படி திறந்துவைக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
திருநெல்வேலி மாவட்டம்